அணைக்கட்டும் கட்டுமரமும்

மேற்கே கள்ளக்குறிச்சிப் பக்கமிருந்து புறப்பட்டு வரும் கெடிலம், திருவந்திபுரத்தை நெருங்கியதும் வடக்கு நோக்கித் திரும்புகிறது. ஆறு வடக்கே பார்த்து ஓடும் துறை புண்ணியத் துறை என்பது பழைய நம்பிக்கை. அதனால் இங்கே அதற்கு உத்தரவாகினி என்று பெயர். தேவநாதப் பெருமாள் தாகத்துக்கு நீர் கேட்டபோது ஆதிசேஷன் வாலால் நிலத்தை அடித்து ஊற்றெடுக்கச் செய்தான். கருடன் தாமதமாகக் கொணர்ந்த நீர் கருட நதியாகி ஓடியது. அதுவே கெடிலம் என்கிறது தலபுராணம். சேஷ தீர்த்தம் கிணறாகத் தங்கிவிட்டது, கருட நதி ஓடிக்கொண்டிருக்கிறது. நிற்கும் நீரையும் ஓடும் நீரையும் ஒரே கதைக்குள் வைத்துக்கொண்ட ஊர் இது.

கதையில் வராத இன்னொரு நீரும் இங்கே உண்டு. திருவந்திபுரத்தில் கெடிலத்தின் குறுக்கே ஓர் அணைக்கட்டு இருக்கிறது. இத்தகைய அணைக்கட்டு எதனையும் ஐப்பசி, கார்த்திகை வெள்ளத்தில் கரையில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும்: முகட்டைத் தாண்டி வழியும் நீர் கண்ணாடிபோல் வழுக்கி இறங்கும்; இறங்கிய வேகத்தில் சில அடி தூரம் ஓடும்; பிறகு ஏதோ சுவரில் மோதியதுபோல் வெண்ணுரையாகப் புரண்டு எழும். நீரெல்லாம் கடலுக்குப் போய்க்கொண்டிருக்க அந்தப் புரளல் மட்டும் தன் இடத்தை விட்டு அகலாது. நில்லாத நீரில் நிற்கும் அலை அது.

அந்த அலையின்மேல் பலகை போட்டு மனிதர்கள் நின்றாடும் விளையாட்டு, கடலுக்கு எட்டாத ஊர்களில் கடந்த அறுபது ஆண்டுகளாக வளர்ந்து வந்திருக்கிறது. அலைச்சறுக்கு என்று நாளிதழ்கள் வழங்கும் விளையாட்டின் உள்நாட்டுக் கிளை என்று சொல்லலாம். அதன் வரலாற்றைத் தேடிப் போன நாம், பாதி வழியில் பொறியாளர்களின் ஏட்டுக்குள் வந்து நின்றோம். ஆங்கிலத்துக்குத் தமிழ் கொடுத்த சொற்களில் இரண்டு, கட்டுமரமும் அணைக்கட்டும். ஒன்று அலைமேல் மிதப்பதற்கானது, மற்றொன்று ஆற்றை மறிப்பதற்கானது. அவ்விரண்டும் சந்திக்கும் இடத்தில் பிறந்ததுதான் ஆற்றலைச் சறுக்கு. சந்திப்பு நம் ஊரில் நிகழவில்லை என்பதே இந்தக் கட்டுரைக்கான காரணம்.

முதலில் ஒரு குழப்பத்தை விலக்கிவிட வேண்டும். ஆற்றில் அலையேறியவர்களின் கதை பொதுவாக இங்கிலாந்தின் செவர்ன் ஆற்றில் தொடங்கும். கடல் ஏற்றத்தின்போது ஓதநீர் சுவராக எழுந்து ஆற்றை எதிர்த்து மேலேறும் இடம் அது. 1955இல் ஜாக் சர்ச்சில் என்ற படை அதிகாரி அதன்மேல் பலகையில் ஏறி வந்தார். இரண்டாம் உலகப் போரில் வாளும் வில்லும் ஏந்திப் போருக்குப் போனவர் என்று பெயரெடுத்தவர் அவர். ஆகவே இதுவும் அவருக்குப் பெரிய காரியமாகத் தோன்றியிராது. சீனத்தின் சியான்டாங்கிலும் வங்கத்தின் ஹூக்ளியிலும் அத்தகைய ஓத அலைகள் உண்டு. ஆனால் அங்கே அலை நகர்கிறது, மனிதன் அதனோடு நகர்கிறான். அணைக்கட்டின் அடியிலோ நீர் நகர்கிறது, அலை நிற்கிறது, மனிதனும் நிற்கிறான். கரையிலிருந்து பார்ப்பவருக்கு அவன் எங்கும் போவதில்லை. பலகைக்குக் கீழே ஆறு போய்க்கொண்டிருக்கிறது. நம் பேச்சு இந்த இரண்டாவதைப் பற்றியது.

நிற்கும் அலையைப் பொறியாளர்கள் அறிந்துகொண்டது விளையாடுவதற்காக அன்று, பயத்தினால். காவிரிப் படுகையை எடுத்துக்கொள்வோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காவிரி நீரில் பெரும்பங்கைக் கொள்ளிடம் இழுத்துக்கொண்டு போய்க் கடலில் கொட்டிக்கொண்டிருந்தது. ஆர்தர் காட்டன் 1836இல் முக்கொம்பில் மேலணையும் அணைக்கரையில் கீழணையும் எழுப்பினார். சிதம்பரம் வட்டாரத்து வயல்களுக்கும், வடவாறு வழியே வீராணம் ஏரிக்கும் நீர் தருவது அந்தக் கீழணை. நெகிழ் மணலில் எப்படி அடித்தளம் இடுவது என்பதைக் கல்லணையைப் பார்த்தே கற்றதாகக் காட்டன் ஒப்புக்கொண்டிருக்கிறார். கல்லணை தந்த பாடத்தோடு 'அணைக்கட்டு' என்ற சொல்லும் ஆங்கிலத்துக்குள் போயிற்று. பிறகு கோதாவரிக்குச் சென்றது.

மணலாற்றில் அணைக்கட்டு எழுப்புகிறவனுக்கு எதிரி, அணைக்கு முன்னே தேங்கும் நீரைவிடப் பின்னே விழும் நீர்தான். உயரத்திலிருந்து இறங்கிய நீருக்குள் அடக்கமுடியாத விசை இருக்கிறது. அது அணையின் காலடி மணலைத் தோண்டும். மணல் போனால் தளம் போகும், தளம் போனால் அணை போகும். ஆகவே விழும் நீர் தன் வெறியைத் தன்னோடு மோதியே தீர்த்துக்கொள்ளும்படி செய்ய வேண்டும். மெல்லிய படலமாக விரைந்து வரும் நீர், ஆழமாக மெதுவாகப் போகும் நீரைச் சந்திக்கும் இடத்தில் திடீரென்று மேலெழுகிறது. நீர்த்தாவல் என்பார்கள். இத்தாலியின் டுரின் நகரில் ஜார்ஜோ பிதோனே 1818இல் இதைச் சோதனை செய்து அளந்தார். பிரான்சின் பெலாஞ்சே 1828இல் கணக்குக்குள் கொண்டுவரத் தொடங்கினார். இந்தியப் பாசனப் பொறியாளர்கள் இதனையே 'ஸ்டாண்டிங் வேவ்', அதாவது நிலையலை, என்று அழைத்தார்கள். 1916இல் தொடங்கிய புனே ஆய்வு நிலையத்தின் வழிவந்த மரபில் நிலையலைக்குத் தனி இடம் உண்டு. வாய்க்காலைக் குறுக்கி, தளத்தில் ஒரு மேடு வைத்து, அலையை வேண்டுமென்றே எழுப்பி, அதைக்கொண்டு பாயும் நீரின் அளவைக் கணித்தார்கள். 'ஸ்டாண்டிங் வேவ் ஃப்ளூம்' என்ற அந்த அமைப்பு நம் பாசன வாய்க்கால்களில் இன்றும் இருக்கிறது. அலையால் நீரை அளந்த நாடு இது என்று பெருமையாகவே சொல்லிக்கொள்ளலாம். அதன்மேல் ஏறி நிற்கலாம் என்பது மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் மேற்பார்வைப் பொறியாளர் விட்டிருக்கமாட்டார்.

தோன்றியது பவேரியாவில். ஆல்ப்ஸ் மலையிலிருந்து இறங்கும் ஆறுகளை ஆலைகளுக்கும் மரத்தெப்பங்களுக்குமாகக் கிளைக் கால்வாய்களில் திருப்பிவிட்ட நாடு அது. பாலத்தில் கயிறு கட்டி, மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, ஓடும் நீரில் பலகைமேல் நிற்பது அங்கே சிறுவர்களின் பழைய விளையாட்டு. கயிற்றை விட்டுவிட்டு அலையின் சரிவிலேயே நிற்கலாம் என்று கண்டது 1960களின் நடுவில், ஆல்ஸ் ஆற்றங்கரையிலுள்ள ட்ராஸ்ட்பெர்க் ஊரில் என்பார்கள். 1970களில் அது மியூனிக் நகரத்துக்கு வந்தது. முதலில் தெப்பங்கள் கரைசேரும் துறையில், பிறகு ஆங்கிலத் தோட்டம் எனப்படும் பூங்காவின் நுழைவாயிலில் ஓடும் ஐஸ்பாக் ஓடையில்.

ஐஸ்பாக் அலையைச் சற்று நின்று பார்க்கலாம். அது இயற்கை அலையுமன்று; விளையாட்டுக்கென்று கட்டிய அலையுமன்று. பாலத்துக்கு அடியிலிருந்து சீறி வரும் நீரின் விசையைத் தணிக்கத் தளத்தில் கற்பாளங்கள் இட்டார்கள். நீர் தணிவதற்குப் பதிலாக எழுந்தது. அலையாடிகள் கரையோரங்களில் பலகைகளைக் கயிற்றால் கட்டி இறக்கி அதை இன்னும் செம்மைப்படுத்திக்கொண்டார்கள். ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரம், பன்னிரண்டு மீட்டர் அகலம். கரையில் வரிசையாக நின்று ஒருவர் விழுந்ததும் அடுத்தவர் குதிப்பார். பல ஆண்டுகள் அது தடைசெய்யப்பட்டே இருந்தது. காவலர் வந்தால் ஓடுவார்கள், போனால் வருவார்கள். 2010இல் மாநில அரசிடமிருந்து அந்த இடத்தை நகராட்சி பெற்றுக்கொண்ட பிறகே விளையாட்டு சட்டத்துக்குட்பட்டது. பொறியாளர் ஒரு விசையைக் கொல்ல நினைத்து வைத்த கல், கடற்கரையே இல்லாத நகரத்தை உலக அலைச்சறுக்கு வரைபடத்தில் ஏற்றியது.

அந்த ஓடையில் ஒரு நொடிக்குப் பாயும் நீர் சுமார் இருபது கன மீட்டர். கன அடிக் கணக்கைக் காலைக் காப்பியோடு படித்துப் பழகிய நமக்குப் புரியும்படி சொன்னால், ஏறத்தாழ எழுநூறு கன அடி. மேட்டூரிலிருந்து டெல்டாவுக்குத் திறப்பது ஆயிரக்கணக்கில். அளவில் நமக்குக் குறையொன்றுமில்லை, குறை நிலைத்தலில். ஐஸ்பாக்கில் அந்த எழுநூறு கோடையிலும் குளிரிலும் ஏறக்குறைய மாறாமல் வருகிறது. கெடிலமோ ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடந்து, பருவமழையில் நான்கு நாள் ஊரையே மிரட்டிவிட்டுப் போகும் ஆறு.

ஆனால் நீர் நிலையாக வராததுதான் ஒரே காரணம் என்று முடித்துவிட முடியவில்லை. ஏனென்றால் நிலையற்ற நீரைக் கொண்டாடத் தெரிந்த சமூகம் இது. ஆண்டுக்கு ஒருமுறை வரும் புதுப்புனலுக்காகவே விழா வைத்தவர்கள். பரிபாடலின் வையைப் பாடல்கள் நீராட்டின் பேரேடு: யார் எந்த ஊர்தியில் வந்தார், யார் நீரில் பாய்ந்தார், யார் யாரோடு ஊடினார் என எல்லாம் உண்டு. வேழத் தண்டுகளைக் கட்டிய புணைமேல் காதலர் ஆற்றில் போவது சங்கப் பாடல்களில் பழகிய காட்சி. அலைச்சறுக்குப் பலகைக்குத் தமிழ்ச் சொல் தேடி அலைவோர் 'புணை'யை எடுத்துக்கொள்ளலாம், பயன்படுத்துவாரின்றிக் கிடக்கிறது.

அதே சங்கப் பாடல்கள் ஆற்று விளையாட்டின் விலையையும் மறைக்கவில்லை. கழார்த் துறையில், கரிகாலன் காண, காவிரிப் புதுப்புனலில் ஆடிய ஆட்டனத்தியை ஆறு கொண்டு போயிற்று. ஆதிமந்தி கரையோரமாக அரற்றிக்கொண்டே ஓடினாள். பரணரின் அகநானூற்றுப் பாடலில் மருதி என்பவள் அவனைக் காட்டிக்கொடுத்துத் தான் கடலில் மறைகிறாள். சிலப்பதிகாரத்தில் கடலே அவனைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. ஆட்டனத்தி நீச்சல் தெரியாதவன் அல்லன், ஆட்டத்தில் வல்லவன். வல்லவனையும் ஆறு கொண்டு போகும் என்பது விழாவின் நினைவிலேயே இருந்தது, அதற்காக விழாவை யாரும் நிறுத்தவில்லை.

கெடிலக் கரைக்கும் மிதந்து வந்த ஒருவரின் நினைவு இருக்கிறது. கல்லோடு கட்டிக் கடலில் எறியப்பட்ட திருநாவுக்கரசர், அந்தக் கல்லே தெப்பமாகத் திருப்பாதிரிப்புலியூரில் கரையேறினார் என்பது பெரியபுராணம். கடலூரை அடுத்து 'கரையேறவிட்டகுப்பம்' என்று இன்றும் ஓர் ஊர் இருக்கிறது. நம்புகிறவருக்கு அது அற்புதம். நம்பாதவரும் ஒன்றைக் கவனிக்கலாம்: நீரிலிருந்து ஒருவர் உயிரோடு திரும்பியதை ஊர்ப்பெயராக வைத்துக்கொள்ளும் அளவுக்கு, திரும்பாமை இங்கே வழக்கமாக இருந்திருக்கிறது.

இப்போதும் வழக்கமாகத்தான் இருக்கிறது. 2022 ஜூன் 5ஆம் நாள் நெல்லிக்குப்பத்தை அடுத்த குச்சிப்பாளையத்தில், இதே கெடிலத்தில், தடுப்பணை அருகே குளிக்கப் போன ஏழு பெண்கள் மூழ்கி இறந்தார்கள். சிறுமியரும் இளம்பெண்களும். அப்போது ஆற்றில் வெள்ளம் இல்லை. நிலையலை எதுவும் எழவில்லை. தேங்கிய நீர் போதுமானதாக இருந்தது. ஒரு நாள் செய்தியாக அது வந்து போயிற்று. நம் அணைக்கட்டுகளின் வடிவமைப்பில் எத்தனை ஏக்கர் பாசனம், எத்தனை கன அடி வெள்ளம் என்ற கணக்குகள் இருக்கின்றன. அங்கே மனிதர் இறங்குவார், குழந்தைகள் இறங்குவார்கள், பெண்கள் துணி துவைக்க வருவார்கள் என்ற கணக்கு எந்த வரைபடத்திலும் ஏறுவதில்லை. அதற்குப் பதிலாக ஒரு பலகை: இங்கு குளிக்கக் கூடாது.

வெள்ளக் காலத்து அணைக்கட்டு இன்னும் கொடியது. அடிநீரின் ஆழம் கூடும்போது நீர்த்தாவல் தன் வடிவத்தை இழந்து மூழ்கிவிடும். மேலிருந்து பார்த்தால் அமைதியாகத் தோன்றும். உள்ளே, விழும் நீர் அடியில் பாய்ந்து மேற்பரப்பில் அணையை நோக்கித் திரும்பி வந்துகொண்டிருக்கும். அந்தச் சுழலில் அகப்பட்டவரை அது அணையின் அடிக்கே மறுபடி மறுபடி இழுத்துவரும். நீச்சல் வீரருக்கும் தப்ப வழி குறைவு. அமெரிக்காவில் இத்தகைய தாழ்வான அணைகளுக்கு 'மூழ்கடிக்கும் இயந்திரம்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். ஏறி நிற்கத்தக்க அலையும் உயிரைக் குடிக்கும் சுழலும் ஒரே நீரின் இரண்டு நிலைகள். இரண்டுக்கும் இடையே சில அடி ஆழ வேறுபாடுதான்.

அந்தச் சில அடிகளைக் கையாளக் கற்றதுதான் இந்த விளையாட்டு பொறியியலுக்குத் திருப்பித் தந்த கொடை என்று நாம் கருதுகிறோம். ஐடஹோ மாநிலத்தின் பாய்ஸி நகரில், பாசன வாய்க்காலுக்கு நீரைத் திருப்பிய பழைய தடுப்பணை ஒன்று படகிலும் மிதவையிலும் வருவோருக்கு அபாயமாக இருந்தது. அதை எடுத்துவிட்டு, மேலும் கீழும் நகர்த்தத்தக்க தட்டுகளைத் தளத்தில் பொருத்தி, 2012இல் அலைப் பூங்காவாகத் திறந்தார்கள். வாய்க்காலுக்கு நீர் முன்போலவே போகிறது. வரும் நீருக்கேற்பத் தட்டுகளைச் சரிசெய்து அலையின் வடிவத்தை ஒருவர் நாள்தோறும் பார்த்துக்கொள்கிறார். 2019இல் இரண்டாம் பகுதியும் வந்தது. ஆரிகன் மாநிலத்தின் பெண்ட் நகரத்துக் கதை இன்னும் நேரானது. அங்கே டெஷூட்ஸ் ஆற்றின் தாழ்வணை உயிர்களைக் குடித்திருந்தது. 2015இல் அந்த இடத்தில் ஆற்றை மூன்று கால்களாகப் பிரித்தார்கள். ஒன்று அலையாடுவோருக்கு, ஒன்று ரப்பர் வளையத்தில் மிதந்து வரும் குடும்பங்களுக்கு, ஒன்று மீனுக்கும் பறவைக்கும். விளையாட்டுத் திடல் என்ற பெயரில் அவர்கள் செய்தது ஓர் அணையின் பழைய பிழையைத் திருத்தியது.

ஐரோப்பாவிலும் 2023இல் ஹனோவர் நகர நடுவே லைன ஆற்றில் ஓர் அலை திறக்கப்பட்டது. இன்னும் பல ஊர்கள் வரிசையில் நிற்கின்றன. பட்டியலால் பயனில்லை, விட்டுவிடுவோம். மியூனிக் மட்டும் மறுபடி ஒருமுறை பேச வைக்கிறது. 2025 ஏப்ரலில் ஓர் இரவு, அலையாடிக்கொண்டிருந்த இளம்பெண் ஒருவரின் காலோடு பலகையை இணைத்த வார் ஆற்றடியில் சிக்கிக்கொள்ள, அவர் நீருக்கடியில் அகப்பட்டு, சில நாள்களில் இறந்தார். நகராட்சி அலையை மூடியது. இரவில் ஆடக் கூடாது, இழுத்தால் கழன்றுவிடும் வாரே கட்ட வேண்டும் என்பன போன்ற விதிகளோடு ஜூன் இறுதியில் திறந்தது. அந்த ஆண்டு இலையுதிர் காலத்தில் வழக்கம்போல் ஓடையை வடித்துத் தூர்வாரினார்கள். நீரைத் திரும்ப விட்டபோது அலை எழவில்லை. அரை நூற்றாண்டாக எழுந்துகொண்டிருந்த அலை. தளத்தில் படிந்திருந்த சரளையும் மணலும் போனதே காரணமென்று பலரும் கருதினார்கள். எவரும் திட்டமிட்டு வைக்காத ஒரு வண்டல் மேடு இத்தனை நாள் அந்த அலையைத் தாங்கியிருந்ததாம்.

நம் கடற்கரையில் இந்த விளையாட்டு எப்போதோ வேர்பிடித்துவிட்டது என்பதையும் சொல்லவேண்டும். கோவளத்து மீனவர் மூர்த்தி மேகவன் சிறுவயதில் மரப்பலகையில் அலையேறியவர். 2012இல் அங்கே அலைச்சறுக்குப் பள்ளி எழக் காரணமானவர். 2025 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி நடந்தது. ரமேஷ் புதிஹால் வெண்கலம் வென்றார். அப்போட்டியில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் தனிநபர் பதக்கம். வியப்பதற்கில்லை. சென்னையில் துறைமுகம் வருவதற்கு முன் கப்பலுக்கும் கரைக்கும் நடுவே உடையும் அலைகளைக் கட்டுமரத்திலும் மசூலாப் படகிலும் கடந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அலையைப் படிக்கத் தெரியும். கடலில் புணை பிழைப்புக் கருவியாக இருந்ததால் அறிவும் தங்கியது. ஆற்றிலோ பரிசலும் ஓடமும் பாலங்களுக்கு வழிவிட்டபின், நீரை அருகிருந்து அறிந்தவர்கள் குறைந்துபோனார்கள்.

திருவந்திபுரத்தில் கட்டணம் வாங்கும் அலைப் பூங்கா வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. வந்தால் அஞ்சவும் செய்வோம், எந்த ஒப்பந்ததாரர் எந்த மணலை எடுப்பாரோ என்று. மணல் என்றதும் நினைவுக்கு வருகிறது: ஆற்று மணலை அள்ளித் தளம் தாழ்ந்துபோன இடங்களில் அணைக்கட்டுக்குக் கீழே அடிநீரின் மட்டமும் தாழ்கிறது. அப்போது நீர்த்தாவல் தளத்தில் எழாமல் விலகிப்போய், பாதுகாப்பற்ற மணலைத் தோண்டுகிறது. காட்டன் பயந்த அதே தோண்டல். ஒரு மியூனிக்காரர் நம் ஆறுகளைப் பார்த்தால் இங்கே அலை ஏன் இடம் மாறிவிட்டது என்று முதலில் அதைத்தான் கேட்பார்.

தடுப்பணைகள் இன்னும் கட்டப்பட்டுக்கொண்டே இருக்கின்றன. அவற்றின் அடியைச் செங்குத்தாக விடாமல் படிப்படியாக இறக்குவதற்கு, ஓரத்தில் ஒரு சரிவான கால் விடுவதற்கு, மனிதர் இறங்கும் துறையை ஆழத்திலிருந்து பிரித்துக் கட்டுவதற்குப் புதிய அறிவியல் எதுவும் தேவையில்லை. படித்துறை கட்டத் தெரிந்த ஊர்கள் இவை. கழார்த் துறை, திருமருதந்துறை என்று ஆற்றை மனிதர் இறங்கும் இடங்களால் எண்ணிய மொழியில், நீர்வளத் துறையின் பேரேடு மட்டும் ஆற்றை மதகுகளால் எண்ணுகிறது.

ஆடிப்பெருக்கன்று திருவந்திபுரம் அணைக்கட்டின் கீழே பெரும்பாலும் மணல்தான் தெரியும். அப்போது இறங்கிப் பார்த்தால் தளம் எங்கே முடிகிறது, அதற்கப்பால் ஆறு எவ்வளவு ஆழம் தோண்டியிருக்கிறது என்று கண்ணாலேயே அளந்துவிடலாம். ஐப்பசி வந்தால் அது நீருக்கடியில் போய்விடும்.